படிவத்தின் கடைசிக் கேள்வி

மே மாதம் முடிவதற்குள்
தலைநகருக்கு அறிக்கை போக வேண்டும்.
போகாவிட்டால் அடுத்த ஆண்டுக்குப் பணமில்லை.
பணமில்லையென்றால் இந்த அறை
பழையபடி துடைப்பங்களுக்குப் போய்விடும்.

மிச்சிகனின் வட கோடியில், ஏரிக்கரைப் பள்ளியில்
அறை எண் நூற்றுப் பதினான்கு.
ஜன்னல் கிடையாது.
இரண்டு நாற்காலி. ஒன்று ஆடும்.
ஆடுவதில் நான் உட்கார்ந்துகொள்வேன்.

கேள்வி ஒன்று: எத்தனை மாணவர்கள் வந்தார்கள்?
இருநூற்றுப் பதினொன்று என்று எழுதுகிறேன்.
பாதிப் பேர் வந்தது
மேசைமேல் கிடக்கும் ஓட்ஸ் பட்டைகளுக்காக.
பசிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கேள்வி மூன்று: நடத்திய வகுப்புகள்.
புகை பற்றி நான்கு, மாத்திரை பற்றி ஆறு.
மூச்சு நின்றவன் மூக்கில்
மருந்தை எப்படிப் பீச்சுவதென்று
ஹாக்கி அணிக்கு ஒன்று.
அணி முழுக்கச் சிரித்தது, கோல் காப்பவனைத் தவிர.
மூன்று ஆண்டுகளுக்கு முன் அவன் அக்கா
இந்த ஆடாத நாற்காலியில் இருந்தாள்.
இருந்தாள் என்பதோடு
அந்த வாக்கியத்தை நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி ஐந்து: பெயர் எழுதாமல் போடும் பெட்டி.
நூலக வாசலில், தகரம், என் சொந்தப் பூட்டு.
இந்த ஆண்டு விழுந்தவை:
சூயிங்கம் தாள்கள்,
கணக்கு வாத்தியார் ஆந்தையாக,
"மதியம் சோளம் போடாதீர்கள்"
ஒரே கையெழுத்தில் பன்னிரண்டு முறை.
பிப்ரவரியில் ஒரு துண்டுச் சீட்டு, ஊதா மையில்:
"நீல டிரக்.
இன்றைக்கு அவனைத் தனியாக வீட்டுக்கு விடாதீர்கள்."

ஓடினேன். கோட்டை மறந்து ஓடினேன்.
ஏரிக்காற்று காதைக் கடித்துக்கொண்டு கூடவே வந்தது.
எல்லா வண்டிகளும் போய்விட்டிருந்தன,
என்னுடையதையும் அந்த நீல டிரக்கையும் தவிர.
உள்ளே ரீட் கிவெலா,
அணைந்த எஞ்சினின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

கண்ணாடியைத் தட்டினேன்.
"என் பேட்டரி செத்துவிட்டது, ரீட். கம்பி இருக்கிறதா?"
அது உண்மை.
காலையிலேயே முனகிக்கொண்டிருந்தது.
இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை.

இறங்கினான்.
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்பை வெற்று இரும்பில்.
அவன் முகம் மறந்ததை
விரல்கள் மறக்கவில்லை.
"பத்து நிமிஷம் ஓடட்டும், மிஸ் ட்ரெம்பாத்."
அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

நேராகக் கேள் என்றுதான் பயிற்சியில் சொல்வார்கள்.
நல்ல அறைகளில், நல்ல காபியோடு சொல்வார்கள்.
கேட்டேன்:
"செத்துவிடலாமென்று நினைக்கிறாயா?"

வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு ஆமாம் என்றான்.
அந்தச் சொல் கண்ணாடியில் ஆவியாய்ப் படிந்தது.
நான் அதைத் துடைக்கவில்லை.

பத்து நிமிஷம் இரண்டு மணி நேரமானது.
அவன் அம்மா மருந்துக்கடைச் சீருடையோடு வந்தாள்,
பெயர் அட்டையைக் கழற்றக்கூட மறந்து.
வீட்டுத் துப்பாக்கி அலமாரியின் சாவி
அன்றிரவே சித்தப்பாவின் ஊருக்குப் போனது.
மார்க்கெட்டிலிருந்து மருத்துவர் வியாழன்தோறும் திரையில் வந்தார்.
திரை பாதி நாள் உறைந்துபோகும்,
ஏரியைப் போலவே.

ஊதா மை யாருடையது என்று நான் தேடவில்லை.
மார்ச்சில் ஒருத்தி
தாமதச் சீட்டில் கையெழுத்துப் போட வந்தாள்.
பையிலிருந்து பேனாவை எடுத்தாள்,
மை நிறத்தைப் பார்த்தாள்,
உள்ளே வைத்துவிட்டு என்னுடையதைக் கேட்டாள்.
கொடுத்தேன்.

கேள்வி பதினொன்று:
தடுக்கப்பட்ட நிகழ்வுகளின் எண்ணிக்கை.

நடந்தால் செய்தி.
கொடி பாதிக் கம்பத்தில் நிற்கும்,
லாக்கர் முன்னால் பூக்கள் குவியும்.
நடக்காவிட்டால் அது வெறும் செவ்வாய்க்கிழமை.
சோளம் போடுவார்கள்.
யாரோ படியில் பாலைக் கொட்டுவார்கள்.
எத்தனை செவ்வாய்க்கிழமை என்று எழுதட்டும்?

"தெரியாது" என்று தட்டினேன்.
எண்களை மட்டும் இடவும் என்றது கணினி.

மூடி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.
வண்டிகள் நிற்குமிடத்தில்
கரையாத பனி ஒரு மூலையில் அழுக்காய்.
நீல டிரக் நிற்கிறது, கோணலாக,
இரண்டு வண்டியின் இடத்தை அடைத்துக்கொண்டு.
எத்தனை முறை சொல்வது
இந்தப் பையனிடம்.